மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தக் கை என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிவது பற்றியும், பெண்கள் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டியது பற்றியும் அதில் எழுதியிருந்தவை எல்லாம் தேவையானவை. ஆனால் கட்டுரையின் அடியில் ‘சிகிச்சைக்குப் பின்’ என்ற தலைப்பில் கட்டம் கட்டி வெளியிட்டிருந்த அறிவுரைகளில் மூன்றாவதாக, ‘அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையால் வாழ்நாள் முழுவதும் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கடின வேலை, விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்’ என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வரியை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் படித்துவிட்டு, என் வாழ்க்கையில் பாதி முடிந்துபோயிற்று என்று நம்பியவள் நான். இன்று வாரத்தில் இரண்டு காலை வேளைகளில் குதிரை ஏறுகிறேன். சேணத்தையும் நானே தூக்கிப் போடுகிறேன்.

நான் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அரசுக் கால்நடை மருந்தகம் ஒன்றில் பணியாற்றும் கால்நடை மருத்துவர், வயது 54. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் சேர்ந்து குதிரையேற்றம் கற்றேன். திருமணம், பணி மாறுதல்கள், பிள்ளைகள் என்று பதினைந்து ஆண்டுகள் விட்டுப்போயிருந்ததை நாற்பதாம் வயதில் மீண்டும் தொடங்கினேன். ஊருக்கு வெளியே உள்ள குதிரையேற்றப் பள்ளியில், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த செவலைப் பெட்டைக் குதிரை ஒன்றுடன்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அதன் பல், குளம்பு, வயிற்றுவலி எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வேன். அந்த லாயத்தில் முப்பது ஆண்டுகளாகக் குதிரை வளர்க்கும் சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், ஒருவர் இருக்கிறார். குதிரையைப் பற்றிக் கல்லூரியில் கற்காத பலவற்றை அவரிடம் கற்றேன்.

2022 ஜூன் மாதம், குளிக்கும்போது இடது மார்பின் மேற்புறத்தில், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. பெட்டை நாய்களுக்குப் பால்மடியில் வரும் கட்டிகளைத் தொட்டுப் பார்த்தும் அறுத்தெடுத்தும் பழகிய விரல்கள் என்பதால், அது வலிக்காமலும் நகராமலும் இருந்ததிலேயே எனக்கு விவரம் புரிந்துவிட்டது. மேமோகிராம், ஊசி வழித் திசுப் பரிசோதனை, ஸ்கேன் என்று பத்து நாட்களுக்குள் எல்லாம் உறுதியானது. மார்பகத்தின் இரண்டு இடங்களில் நோய் இருந்ததால் முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டும் என்றும், அக்குளில் உள்ள ஒரு நெறிக்கட்டியில் நோய் தெரிந்ததால் அங்குள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்கு நான் தயங்கவில்லை. அறுத்தெடுக்க வேண்டியதை அறுத்தெடுத்தே ஆக வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு அவர்கள் வளர்க்கும் பிராணிகளின் பொருட்டு எடுத்துச் சொன்னவள்தான் நான்.

எனக்கிருந்த அச்சம் கையைப் பற்றியது. மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது இடது கையை அதன் மலக்குடலுக்குள் முழங்கைக்கு மேல் வரை நுழைத்து, கருப்பைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, வலது கையால் ஊசிக்குழலைச் செலுத்த வேண்டும். மாடு முக்கும்போதெல்லாம் அந்தக் கை நசுங்கும். குதிரையேற்றத்திலும் அதே கைதான் முன்னே நிற்கிறது. குதிரையின் இடப்புறம் நின்று, இடது கையில் கடிவாள வாரையும் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடித்து, இடது காலை அங்கவடியில் வைத்து எம்பும் நொடியில் உடலின் பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தோள்தான் தாங்குகிறது. ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ள சேணத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முதுகில் வைப்பதும், வயிற்றுப் பட்டையை இழுத்து இறுக்குவதும், தலையை உதறும் குதிரையைக் கையை விட்டுவிடாமல் பிடித்து நிற்பதும் இரண்டு தோள்களும் மார்புத் தசைகளும் சேர்ந்து செய்யும் வேலைகள். இவற்றில் ஒன்றையும் இனிச் செய்ய முடியாது என்றால், என் சம்பளத்துக்கான வேலையும் போயிற்று, என் மனத்துக்கான வேலையும் போயிற்று.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை லாயத்துக்குப் போய் ஒரு மணி நேரம் குதிரையில் இருந்தேன். இறங்கிய பிறகு சைஸிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, “நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க டாக்டரம்மா, இவளை நான் பார்த்துக்கறேன்” என்றார். பிறகு வந்த மாதங்களில் உறவினர்கள் சொன்ன ஆறுதல்களை எல்லாம்விட அந்த ‘வாங்க’ என்ற சொல்லையே நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அதைச் செய்த மருத்துவரின் கைத்திறனில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அறுவைக்கு முதல் நாள், ‘நான் மறுபடியும் குதிரை ஏற முடியுமா?’ என்று கேட்டபோது, உயிர் பிழைப்பதைப் பற்றி முதலில் யோசியுங்கள், இந்த வயதில் குதிரை எதற்கு என்ற பொருளில் பதில் வந்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயர்களுக்கு அடியில் ‘இடது கையில் பாரம் தூக்கக் கூடாது’ என்று ஒரே வரி இருந்தது. எத்தனை நாளைக்கு என்று இல்லை, கையை அசைக்க வேண்டுமா கூடாதா என்றும் இல்லை. பயந்துபோன நான் மூன்று வாரங்கள் அந்தக் கையை வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தேன். அப்படி வைத்ததுதான் கேடாக முடிந்தது. காயத்தில் ஊறும் நீரை வடிக்க வைத்திருந்த டிரெயின் குழாயை எடுத்த பிறகு கையை உயர்த்திப் பார்த்தால் தோளுக்கு மேல் போகவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் வீணைத் தந்தி போல ஒரு நரம்பு இழுத்துப் பிடித்தது. அக்குளில் கணுக்களை எடுத்தவர்களில் பலருக்கு இப்படி நார் போன்ற இறுக்கம் ஏற்படுவது வழக்கம் என்பதும், மெல்ல மெல்ல நீட்டிப் பழகினால் அது தளர்ந்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

என் தம்பி விசாரித்து, புற்றுநோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பதில் பயிற்சி பெற்ற ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அவர் முதலில் டேப்பை எடுத்து இரண்டு கைகளின் சுற்றளவையும் மணிக்கட்டிலும், முழங்கைக்குக் கீழேயும் மேலேயும் அளந்து குறித்துக்கொண்டார். இரண்டாவதாக, ‘இந்தக் கை முன்பு என்னென்ன செய்துகொண்டிருந்தது?’ என்று கேட்டார். இந்த நோய் வந்த நாளிலிருந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான். மாட்டைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த அசைவு வேண்டும், எவ்வளவு வலு வேண்டும் என்று பிரித்து, அதற்கேற்ப ஒரு வருடத்துக்கான திட்டத்தைப் போட்டுக் கொடுத்தார். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவதில் தொடங்கி, இரு கைகளாலும் கோலைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்துவது, ரப்பர் பட்டையை இழுப்பது, பிறகு அரைக் கிலோ எடை, ஒரு கிலோ எடை என்று அது போயிற்று.

பாரம் தூக்கக் கூடாது என்ற தடை எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன். கையிலிருந்து திரும்பும் நிணநீர் அக்குளில் உள்ள கணுக்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவற்றை வெட்டியெடுத்தாலோ அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தாலோ பாதை குறுகி, நீர் தேங்கிக் கை வீங்கக்கூடும். அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. முதல் சில கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் இன்றைய முறையில் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1880களில் தொடங்கிவைத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் சேர்த்தே வெட்டியெடுத்தார்கள். பெண்களின் கைகள் பெரிதும் வீங்கின. அந்த முறையே ஏறக்குறைய எழுபது, எண்பது ஆண்டுகள் உலகெங்கும் நீடித்தது. பாரம் தூக்கினால் கைக்கு இரத்த ஓட்டம் கூடும், அதனால் நீரும் கூடித் தேங்கும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தேங்கும் நீரை மேலே தள்ளுவதே சுருங்கி விரியும் தசைகள்தான் என்பதை அந்த எண்ணம் கணக்கில் கொள்ளவில்லை. நாள் முழுவதும் கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்குவதும், நடத்தினால் அது வடிவதும் லாயத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரிந்த செய்தி.

1996இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைத் திரட்டி, தோளுக்கும் கைக்கும் மிகுந்த வேலை தரும் டிராகன் படகுத் துடுப்புப் போடப் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்குக் கை வீக்கம் பெருகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, பெருகவில்லை. அந்த முயற்சியிலிருந்து தோன்றிய படகுக் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையிலான குழு, ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சியை ஓராண்டுக்குக் கொடுத்து ஒப்பிட்டது. எடை தூக்கியவர்களின் வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. வீக்கம் திடீரென முற்றிச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் எடை தூக்காத பிரிவில் 29 சதவீதம், தூக்கிய பிரிவில் 14 சதவீதம். அந்தப் பயிற்சி மிகச் சிறிய எடையில் தொடங்கி, பயிற்றுநரின் மேற்பார்வையில், வீக்கத்தை அடிக்கடி அளந்துபார்த்து, படிப்படியாகக் கூட்டப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மறுநாளே மூட்டையைத் தூக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘வாழ்நாள் முழுவதும் கூடாது’ என்பதற்கும் ‘இப்போது வேண்டாம், இப்படித் தொடங்கி இவ்வளவு வரை வரலாம்’ என்பதற்கும் உள்ள தொலைவையே சொல்கிறேன்.

எனக்கும் அது விரைவாக நடக்கவில்லை. ஆகஸ்டில் கீமோ தொடங்கியது. நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் நான்கு முறை, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை பேக்லிடாக்ஸெல். இரத்த வெள்ளணுக்கள் குறையும் அந்த மாதங்களில் லாயத்துத் தூசும் சாணமும் பூஞ்சை பிடித்த வைக்கோலும் கூடவே கூடாது என்பதால் குதிரையை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். ஜனவரியில் பதினைந்து நாட்கள் ‘கரண்ட் வைத்த’ பிறகு மார்புத் தோல் வெயிலில் காய்ந்த தோல்வார் போல விறைத்துவிட்டது. கதிர்வீச்சுக்குப் பிந்தைய அந்த இறுக்கம் பல மாதங்கள் கழித்தும் கூடக்கூடியது என்பதால் பயிற்சிகளை ஒருநாளும் நிறுத்த வேண்டாம் என்று இயன்முறை மருத்துவர் எச்சரித்திருந்தார். விரல் நுனிகளில் பேக்லிடாக்ஸெல் விட்டுச்சென்ற மரமரப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடுமையாகப் பட்டது. குதிரையின் வாயிலிருந்து கடிவாள வார் வழியாக வரும் மெல்லிய அசைவைக் கேட்பது விரல்கள்தாம். அவை மரத்துப்போனால் குதிரையோடு பேச்சே அற்றுப்போகிறது.

2023 ஏப்ரல் மாதம், அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, இயன்முறை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒப்புக்கொண்ட பின்பே குதிரை ஏறினேன். சேணத்தைச் சைஸ் வைத்துக் கட்டினார். ஏறுவதற்கு உயரமான மரப்படியைக் கொண்டுவந்து போட்டு, தோளில் பாரம் விழாமல் நான் ஏறி அமரும்வரை குதிரையின் தலையை அவரே பிடித்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தரையிலிருந்து ஒரே எம்பில் ஏறியவளுக்கு அது எளிதாக இல்லை. ஆனால் போலியோவால் முழங்காலுக்குக் கீழே இயக்கம் இழந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்டல், ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் துணை தேவைப்பட்ட நிலையிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸாஜ் என்னும் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றதை அன்று நினைத்துக்கொண்டேன். அன்று இருபது நிமிடம் வெறும் நடைதான். இடப்பக்கம் பாரம் குறைந்த உடல் தன்னையறியாமல் வலப்பக்கம் சாய்கிறது என்பதைக் குதிரை எனக்கு முன்பே கண்டுகொண்டு, நேர்க்கோட்டில் போகாமல் வலப்புறமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. மார்பைக் காக்கத் தோளை முன்னே குவித்துக்கொண்டு கூனி அமரும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேணத்தின் மேல் மறைக்க முடியாது.

டிராட் என்னும் துள்ளு நடைக்கு வர இரண்டு மாதம், கேண்டர் என்னும் மிதமான ஓட்டத்துக்கு வர மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அகற்றிய மார்புக்குப் பதிலாக உள்ளாடைக்குள் வைக்கும் சிலிகோன் மார்பு டிராட்டின் குலுக்கலில் நழுவியது. விளையாட்டுக்கான இறுக்கமான உள்ளாடைக்குள் பை தைத்து, எடை குறைந்த பஞ்சு மார்பை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தந்தவர் எங்கள் தெருத் தையல்காரப் பெண்மணி. இவற்றையெல்லாம் நாளிதழில் எழுதுவது முறையா என்று யோசித்தேன். எனக்கு அன்று எழுதிக் காட்ட ஒருவரும் இல்லாததால் எழுதுகிறேன்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. கயிறு உராய்ந்த காயமோ, குதிரைக் கடியோ, பூச்சிக் கடியோ இடது கையில் பட்டால் நிணநீர் ஓட்டம் குறைந்த அந்தக் கையில் சீழ்த்தொற்று விரைவாகப் பரவும் என்பதால் எப்போதும் கையுறை போடுகிறேன். சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் திரும்பாமல் இருக்க நான் உட்கொள்ளும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைப்பது. பரிசோதனையில் என் எலும்பு சற்றுத் தேய்ந்திருப்பது தெரிந்ததும் தடை தாண்டுவதை விட்டுவிட்டேன். ஹெல்மெட், மார்புக் கவசம் இல்லாமல் ஏறுவதில்லை. ஒருமுறை இளங்குதிரை ஒன்றை நீண்ட கயிற்றில் பிடித்து ஒரு மணி நேரம் வட்டமாக ஓட்டியதில் கை கனத்து, சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டது. ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு பாதி அளவில் தொடங்கியதும் சரியாயிற்று. டேப் கையில் இருந்ததால்தான் அதை உடனே கண்டுபிடிக்க முடிந்தது. பணியில் முதல் ஓராண்டு சினைப் பரிசோதனையை வலது கையால் பழகிச் செய்தேன். இப்போது இரண்டு கைகளாலும் செய்கிறேன்.

குதிரையேற்றம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கீமோவுக்காக நான் படுத்திருந்த அறையில் பக்கத்துக் கட்டிலில் வால்பாறையிலிருந்து வந்த தேயிலைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். கொழுந்து பறிப்பதும், நிரம்பிய மூட்டையைச் சுமந்து இறங்குவதும் அவர் பிழைப்பு. அவருக்கும் அதே ஒரு வரியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்னொருவர் கட்டட வேலையில் சித்தாள். அந்த வரியை மதித்தால் கூலி இல்லை; மீறினால், கை வீங்கிவிடும், நோய் திரும்பிவிடும் என்ற பயத்தோடு ஒவ்வொரு சட்டியையும் தூக்க வேண்டும். எனக்காவது மருத்துவ விடுப்பு இருந்தது, விசாரிக்கத் தம்பி இருந்தான், படித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் எத்தனையோ பேர் வீட்டிலோ வயலிலோ தறியிலோ இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காமல் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாதவர்கள். ஒரு குடம் தண்ணீரே பத்துக் கிலோவுக்குக் குறையாது.

ஆகவே மருத்துவமனைகளை நடத்துவோர்க்கும் சுகாதாரத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் பெரும் செலவு பிடிப்பது அன்று. அறுவைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து குறித்து வைக்க ஒரு டேப் போதும். வீடு திரும்பும் பெண்ணிடம் ‘உன் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது?’ என்று கேட்டு, அதற்கேற்ற பயிற்சிகளைத் தமிழில் படத்தோடு அச்சிட்டுக் கொடுத்து, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும்; அந்தச் சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டங்கள் அறுவை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். தங்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. கட்டத்தில் வெளிவந்த அந்த மூன்றாவது அறிவுரையை, புற்றுநோய்க்குப் பிந்தைய இயன்முறை சிகிச்சையில் தேர்ந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, திருத்திய வடிவில், முதலில் வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்; பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்து மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பெண்கள் பலரை நான் அந்த வார்டில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
கால்நடை உதவி மருத்துவர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.